சிலிண்டர் ரெக்கார்டு: நிறத்தைப் பார்த்து வயது சொல்ல முடியுமா?

கேள்வி, பிப்ரவரி 3

பழைய சாமான்களோடு ஒரு மரப்பெட்டி நிறைய ஃபோனோகிராஃப் சிலிண்டர்கள், அதாவது தட்டுக்குப் பதில் குழாய் வடிவில் இருக்கும் பழைய ரெக்கார்டுகள், கைக்கு வந்திருக்கின்றன. பாட வைக்கும் கருவி இன்னும் இல்லை. படித்த வரைக்கும் பழுப்பு என்றால் 1890கள், கறுப்பு என்றால் 1900களின் எடிசன், நீலம் என்றால் 1912க்கு அப்புறம். நிறத்தை வைத்தே பிரித்து அடுக்கிவிடலாம் என்று நினைக்கிறேன். சரிதானே?

பதில், பிப்ரவரி 3, இரவு

பாதி சரி. பழுப்பு, கறுப்பு, நீலம் என்பது எடிசன் கம்பெனியின் வரிசை மட்டும்தான். எடிசன் தவிர வேறு யாரும் சிலிண்டர் போடவில்லை என்றால் உங்கள் கணக்கு நிற்கும். ஆனால் கொலம்பியா கம்பெனி போட்டது, லாம்பர்ட் போட்டது, ஆல்பனி நகரத்து இன்டெஸ்ட்ரக்டிபிள் போட்டது, பாரிஸில் பாத்தே போட்டது. இவர்களில் யாரும் எடிசனைக் கேட்டு நிறம் தேர்ந்தெடுக்கவில்லை.

உங்கள் பெட்டியிலிருக்கும் கறுப்புக் குவியலை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 1902லிருந்து வந்த எடிசனின் அச்சு வார்ப்பு இரண்டு நிமிட மெழுகு இருக்கலாம். 1908ல் வந்த நான்கு நிமிட அம்பரோல் மெழுகு இருக்கலாம். கொலம்பியாவின் கறுப்பு மெழுகு இருக்கலாம். மெழுகே அல்லாத, அட்டை மேல் செலுலாய்டு போர்த்திய இன்டெஸ்ட்ரக்டிபிளும் இருக்கலாம். நாலும் மேசை மேல் நின்றால் ஒரே கறுப்பு. நாலுக்கும் ஒரே ஊசியை வைத்தால் ஒன்றிரண்டு அன்றோடு சரி.

கருவி இல்லை என்கிறீர்கள், நல்லது. அவசரப்பட்டு வாங்காதீர்கள். முதலில் கையில் இருப்பது என்ன என்று தெரியட்டும்.

பிப்ரவரி 4

காலையில் மறுபடி படித்தபோது, என்ன இல்லை என்று சொன்னேனே தவிர என்ன செய்வது என்று சொல்லவில்லை என்று பட்டது.

என் வரிசை இது: முதலில் பொருள், அப்புறம் தடத்தின் (ஊசி ஓடும் கோட்டின்) நெருக்கம், அப்புறம் விளிம்பு எழுத்து. நிறம் கடைசி.

பொருளைத் தெரிந்துகொள்ள உள்ளே பாருங்கள். சிலிண்டரின் வெளிப்பக்கம் ஏமாற்றும், உள்பக்கம் ஏமாற்றாது. உள்ளே வெள்ளையாக பிளாஸ்டர் தெரிந்தால் அது எடிசனின் புளூ அம்பரோல் (1912க்கு அப்புறம் வந்த நீலம்) அல்லது அதன் ஊதா நிறத் தம்பி. உள்ளே அட்டையும், இரு முனையிலும் உலோக வளையமும் இருந்தால் இன்டெஸ்ட்ரக்டிபிள். உள்ளும் புறமும் ஒரே பொருளாக, ஒரே நிறமாக, கொஞ்சம் சோப்புத்தனமாக இருந்தால் மெழுகு. மெழுகு என்று சொல்கிறோமே தவிர அது பெரும்பாலும் உலோகச் சோப்புதான். ஸ்டியரிக் அமிலத்தோடு சோடாவும் அலுமினியமும் சேர்த்துக் காய்ச்சியது. எடிசனிடம் வேலை பார்த்த ஜோனஸ் எய்ல்ஸ்வொர்த் என்ற வேதியியல்காரர்தான் அந்தப் பக்குவத்துக்கு மாரடித்தவர்.

முழுக்க செலுலாய்டாக, மெல்லிய குழாயாக, லேசாக இருந்தால் லாம்பர்ட்டாக இருக்கலாம். சிகாகோக்காரர். 1900ல் தொடங்கிய அந்தக் கம்பெனி எடிசன் போட்ட வழக்குகளைத் தாங்க முடியாமல் 1906ல் திவாலானது. வெள்ளை, இளஞ்சிவப்பு, பிறகு கறுப்பு என்று போட்டார்கள். இளஞ்சிவப்பு ஒன்று உங்கள் பெட்டியில் இருந்தால் தயவுசெய்து படம் போடுங்கள், பொறாமைப்படுவதற்காகவாவது.

ஒரு எச்சரிக்கை. செலுலாய்டா என்று பார்க்கச் சூடான ஊசியால் குத்திப் பார்க்கும் வழி ஒன்று எங்கேயாவது கண்ணில் படும். வேண்டாம். செலுலாய்டு பற்றி எரியும் பொருள். மெழுகோ உருகும். இரண்டில் எதுவாக இருந்தாலும் நஷ்டம்.

பிப்ரவரி 4, சற்று நேரம் கழித்து

எப்படித் தூக்குவது என்று கேட்டிருந்தார் ஒருவர். ஆட்காட்டி விரலையும் நடுவிரலையும் உள்ளே விட்டு மெல்ல விரியுங்கள், அந்தப் பிடியிலேயே தூக்குங்கள். வெளிப்பக்கத்தை முழுக் கையால் பிடிக்கக் கூடாது. கைரேகை என்பது சின்ன காரணம். பெரிய காரணம் சூடு. குளிர்ந்த இடத்திலிருந்து எடுத்த பழுப்பு மெழுகைச் சூடான உள்ளங்கையால் இறுக்கிப் பிடித்தால் கீச்சென்று ஒரு கோடு ஓடும். என் கையிலேயே ஓடியிருக்கிறது. நீளவாக்கில், விளிம்பிலிருந்து விளிம்பு வரை, முடியைவிட மெல்லிய கோடு. அதற்கப்புறம் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு டிக்.

அடுக்குவதும் நிற்கவைத்துத்தான். படுக்கப் போட்டால் மெழுகு காலப்போக்கில் அமுங்கும்.

பிப்ரவரி 6

தடத்தின் நெருக்கத்துக்கு வருகிறேன். இது எல்லாவற்றிலும் உறுதியான சாட்சி, ஏனென்றால் இதை யாரும் மாற்றி ஒட்ட முடியாது.

சாதாரண சிலிண்டர் சுமார் நாலேகால் அங்குல நீளம், இரண்டேகால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான விட்டம். அதில் அங்குலத்துக்கு 100 தடம் இருந்தால் இரண்டு நிமிடம். 200 இருந்தால் நான்கு நிமிடம். அளக்க பெரிய கருவி ஒன்றும் வேண்டாம். ஒரு எஃகு ஸ்கேல், நகைக்காரர்கள் கண்ணில் வைத்துக்கொள்ளும் லென்ஸ், பக்கவாட்டில் ஒரு டார்ச். ஸ்கேலைச் சிலிண்டரில் படாமல், நீளவாக்கில் மிக அருகே பிடித்துக்கொண்டு ஒரு மில்லிமீட்டருக்குள் எத்தனை கோடு என்று எண்ணுங்கள். நாலு வந்தால் இரண்டு நிமிடம், எட்டு வந்தால் நான்கு நிமிடம். ஐந்தா ஆறா என்று குழப்பம் வந்தால் எண்ணிக்கையைச் சந்தேகப்படுமுன் சிலிண்டரின் நீளத்தை அளங்கள், காரணம் கீழே வரும்.

டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் இன்னொன்றும் தெரியும். சாதாரண தட்டு ரெக்கார்டில் ஊசி இடவலமாக ஆடும். சிலிண்டரில் மேலும் கீழுமாக ஆடும். ஆகவே தடம் நேராக ஓடும், அதன் ஆழம்தான் மாறும். சத்தமான இடங்களில் ஒளி பட்டால் தடத்தின் அடிப்பாகம் அலையலையாக மினுக்கும். பாடகர் மூச்சு விட்ட இடம் மொழுக்கென்று இருக்கும். இதைப் பார்த்துப் பழகிவிட்டால், தேய்ந்த சிலிண்டரையும் நல்லதையும் ஓட்டாமலே பிரித்துவிடலாம். தேய்ந்ததில் மினுக்கு சாம்பல் பூத்தாற்போல் மங்கும்.

பிப்ரவரி 7

ஊசி விஷயத்தைத் தள்ளிப் போட்டுக்கொண்டே போகிறேன், கேள்விகள் குவிகின்றன.

இரண்டு நிமிடத் தடத்துக்கு எடிசன் கருவிகளில் 'சி' மாடல் ஒலிப்பெட்டி (ஊசி பொருத்திய தலை). நான்கு நிமிட மெழுகுக்கு 'எச்'. இரண்டுக்கும் திருப்பிப் பயன்படுத்த 'கே'. மூன்றிலும் நீலக்கல் ஊசி. புளூ அம்பரோலுக்கு வைர ஊசி, அதோடு வரும் எடை அதிகம். அந்த வைரத்தை மெழுகின் மேல் வைத்தால் அது பாடாது, உழும். பெரிய 'சி' ஊசியை 200 தடத்தில் வைத்தால் ஒரே நேரத்தில் இரண்டு தடத்தில் உட்கார்ந்து இரண்டின் கரையையும் மழித்துவிடும்.

நான் வாங்கிய ஒரு அம்பரோல் அப்படித்தான் வந்தது. விற்றவர் 'நன்றாகப் பாடுகிறது, அனுப்புமுன் போட்டுப் பார்த்தேன்' என்று எழுதியிருந்தார். எந்த ஊசியால் போட்டுப் பார்த்தார் என்பது சிலிண்டரிலேயே எழுதியிருந்தது. முதல் கால் அங்குலம் வரை சாம்பல் பட்டை, அதற்கப்புறம் கன்னங்கரேல். பாதியிலாவது நிறுத்தினாரே என்று நன்றி சொன்னேன்.

அடையாளம் காண்பது வெறும் பெயர்ப்பட்டியல் வேலை இல்லை என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். தபால்தலையைத் தவறாக அடையாளம் கண்டால் ஆல்பத்தில் பக்கம் மாறும், அவ்வளவுதான். சிலிண்டரைத் தவறாக அடையாளம் கண்டு ஓட்டினால், சரியாகக் கண்டுபிடிக்கும்போது கேட்க ஒன்றும் மிச்சமிருக்காது.

பிப்ரவரி 7, இரவு

பல்சக்கரமும் சேர்த்துச் சொல்லவேண்டும். எடிசன் கருவியில் ஊசியைத் தடம் இழுத்துப் போவதில்லை. தனியாக ஒரு திருகுத் தண்டு ஒலிப்பெட்டியை நகர்த்துகிறது. நான்கு நிமிடம் வந்தபோது அந்த நகர்வைப் பாதியாக்கும் பல்சக்கர இணைப்பை விற்றார்கள். நான்கு நிமிடத்துக்குப் போட்ட பல்லில் இரண்டு நிமிடச் சிலிண்டரை ஓட்டினால் ஊசி பின்தங்கி, சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லும். 'சிலிண்டர் கீறல் விழுந்திருக்கிறது' என்று வரும் புகார்களில் சில இந்தப் பல்சக்கரத்தின் வேலை.

திருகுத் தண்டே இல்லாத மலிவுக் கருவிகளும் உண்டு, ஜெர்மனியிலிருந்து வந்த 'பக்' வகை போல. யாழ் வடிவ அடிப்பாகத்தில் அழகாக இருக்கும். அதில் ஊசியும் ஹார்னும் சேர்ந்த பாரத்தைத் தடமே சுமந்து இழுக்க வேண்டும். அலமாரியில் வைத்துப் பார்க்கலாம்.

பிப்ரவரி 10

விளிம்பு எழுத்து. எடிசனின் கறுப்பு வார்ப்பில், கொஞ்ச காலத்துக்குப் பின் வந்தவற்றில், ஒரு முனையின் சாய்ந்த விளிம்பில் பாட்டின் பெயரும் எண்ணும் பதிந்து, வெள்ளை நிரப்பியிருக்கும். வெள்ளை உதிர்ந்துவிட்டாலும் எழுத்தின் பள்ளம் இருக்கும். டார்ச்சைச் சாய்த்தால் படித்துவிடலாம். சுண்ணாம்புத்தூள் தேய்த்துப் படிக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு, எனக்குப் பிடிக்காது. அந்தத் தூள் விளிம்போடு நிற்பதில்லை.

'4எம்' என்று எண்ணுக்கு முன்னால் இருந்தால் நான்கு நிமிட அம்பரோல். புளூ அம்பரோலின் எண்கள் 1501ல் தொடங்கி 5719 வரை போகின்றன. 29 ஆயிரத்தில் தொடங்கும் எண்ணும் ஊதா நிறமும் சேர்ந்தால் ராயல் பர்ப்பிள், 1918லிருந்து சில ஆண்டுகள் பாடகர்களின் தனிவரிசையாக வந்தது.

விளிம்பில் எழுத்தே இல்லையென்றால் மூன்று வாய்ப்பு: 1902ஐ ஒட்டிய தொடக்ககால வார்ப்பு, கொலம்பியா, அல்லது பழுப்பு மெழுகு. கொலம்பியாவின் விளிம்பு எடிசனுடையதைப் போல் சீவிய சாய்வாக இல்லாமல் உருண்டையாக இருக்கும். பழுப்பில் பார்க்க ஒன்றுமில்லை. அதைக் காதால்தான் அடையாளம் காண வேண்டும்.

பிப்ரவரி 11

"என் சிலிண்டர்கள் எல்லாம் பெட்டியோடு இருக்கின்றன, மூடியிலேயே பெயர் ஒட்டியிருக்கிறதே, ஏன் இத்தனை பாடு?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்த அட்டைப்பெட்டிகளை நம்பாதீர்கள். நூறு வருஷத்துக்கு மேலாக எத்தனையோ பேர் சாயங்காலம் நாலைந்தை எடுத்துப் போட்டுக் கேட்டு, இருட்டில் ஏதோ ஒன்றில் திருப்பி வைத்திருக்கிறார்கள். கூட்டத்தில் செருப்பு மாறிப்போவது மாதிரிதான். மூடி ஒன்று, பெட்டி இன்னொன்று, உள்ளே இருப்பது மூன்றாவது. என்னிடம் 'ராணுவ பேண்டு' என்று மூடி போட்ட பெட்டிக்குள் ஒரு சிரிப்புக் கதை இருக்கிறது. மூடியை மாற்ற மனம் வரவில்லை.

சில பெட்டிகளுக்குள் ஒரு துண்டுக் காகிதம் சுருண்டு கிடக்கும். பழுப்பு மெழுகுக் காலத்தில் பெயர் எழுதிக் கூடவே வைத்த சீட்டு அது. அதையும் சாட்சியாக எடுக்காதீர்கள், ஆனால் எறிந்துவிடவும் வேண்டாம்.

பிப்ரவரி 15

பழுப்பு பற்றி நீளமாக எழுதலாம் என்று காத்திருந்தேன். எனக்கு இதில்தான் பித்து.

1880களின் கடைசியிலிருந்து ஏறக்குறைய 1901 வரை விற்பனைக்கு வந்த ரெக்கார்டுகள் இவை. அச்சு வார்ப்பு இன்னும் கைகூடாத காலம். ஆயிரம் பிரதி வேண்டுமென்றால் பாடகர் திரும்பத் திரும்பப் பாட வேண்டும். எதிரில் வரிசையாக ஃபோனோகிராஃப் கருவிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹார்ன். ஒரு தடவை பாடினால் இருக்கிற கருவிகளின் எண்ணிக்கையளவு ரெக்கார்டு. மெழுகு மாற்றி மறுபடி அதே பாட்டு. ஜார்ஜ் டபிள்யூ. ஜான்சன் என்ற கறுப்பினப் பாடகர் தன் சிரிப்புப் பாட்டை இப்படியே நாள் முழுக்கச் சிரித்துச் சிரித்துப் பதித்தார். ஒரு ரெக்கார்டின் தடத்தை இன்னொன்றில் இயந்திரக் கையால் பார்த்து வெட்டும் முறையும் இருந்தது, அதில் பிரதி கொஞ்சம் மூக்கடைத்த மாதிரி ஒலிக்கும்.

இதன் விளைவு சேகரிப்பவனுக்கு விருந்து. ஒரே கம்பெனி, ஒரே எண், ஒரே பாட்டு, ஒரே பாடகர். இரண்டு சிலிண்டரை அடுத்தடுத்துக் கேட்டால் இரண்டும் வேறு. ஒன்றில் பியானோ முந்துகிறது, இன்னொன்றில் பாடகர் இருமலை அடக்குகிறார். 'இது என்னிடம் ஏற்கெனவே இருக்கிறது' என்ற பேச்சு பழுப்பில் செல்லாது.

அடையாளம் தருவது ஆரம்ப அறிவிப்பு. பாட்டுக்கு முன்னால் ஒருவர் உரக்க, ஏறக்குறையக் கத்தி, பாட்டின் பெயர், பாடுபவர் பெயர், கம்பெனி பெயர் சொல்வார். விளிம்பில் எழுத இடமில்லாத பொருளுக்கு அதுதான் லேபிள். கொலம்பியா என்றால் அந்தக் கம்பெனியின் பெயர் வரும், எடிசன் என்றால் எடிசன் ரெக்கார்டு என்று வரும். 1894க்கு முந்தியது என்றால் ஏதோ ஒரு வட்டாரக் கம்பெனியின் பெயர் வரக்கூடும். ஜெஸ்ஸி லிப்பின்காட் 1888ல் தொடங்கிய நார்த் அமெரிக்கன் ஃபோனோகிராஃப் கம்பெனியின் கீழே லூசியானா, நியூ ஜெர்சி, ஓஹியோ என்று தனித்தனிக் கம்பெனிகள் இருந்தன. அலுவலகக் கடிதம் சொல்லி எழுத வைக்கும் கருவி என்றுதான் லிப்பின்காட் இதில் பணம் போட்டார். காசு போட்டால் பாடும் பெட்டி அதைவிட நன்றாக ஓடியது. 1894ல் தாய்க் கம்பெனி திவால். 1896ல் எடிசன் நேஷனல் ஃபோனோகிராஃப் கம்பெனியைத் தொடங்கினார்.

அறிவிப்பு வார்ப்புக் காலத்திலும் சில ஆண்டுகள் தொடர்ந்தது, அதனால் 'அறிவிப்பு இருக்கிறது, ஆகவே 1890கள்' என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

பிப்ரவரி 16

வேகத்தை விட்டுவிட்டேனே என்று ஒருவர் பிடித்துக்கொண்டார். நியாயம்தான்.

வார்ப்பு வந்ததிலிருந்து நிமிடத்துக்கு 160 சுற்று என்று நிலைத்தது. பழுப்பில் அப்படி இல்லை. 120, 125, 144 என்று ஆளுக்கொரு வேகம். 120ல் பதித்ததை 160ல் ஓட்டினால் சுருதி நாலுக்கு மூன்று என்ற விகிதத்தில் ஏறும். சட்ஜமம் இருந்த இடத்தில் சுத்த மத்தியமம் வந்து நிற்கும். கனத்த சாரீரக்காரர் சிறுவன் ஆகிவிடுவார். நான் பாட்டை வைத்து வேகத்தைச் சரிசெய்வதில்லை, அறிவிப்பை வைத்துத்தான் செய்கிறேன். பாடகர் எந்தச் சுருதியில் வேண்டுமானாலும் பாடலாம். ஆனால் அறிவிப்பாளர் மனிதர் பேசுகிற மாதிரி பேசியாக வேண்டும்.

பிப்ரவரி 20

6 அங்குலக் கேள்வி. எதிர்பார்த்ததுதான்.

"நீளமான சிலிண்டர்கள் சில இருக்கின்றன, விட்டம் மற்றவை மாதிரியேதான், இவை மிக அபூர்வமா?" என்கிறீர்கள். அபூர்வமாகவும் இருக்கலாம், யாரோ ஒரு மேலாளர் இரும்பு ஆணி ஆர்டர் கொடுத்ததாகவும் இருக்கலாம்.

கொலம்பியா 1905ல் 'இருபதாம் நூற்றாண்டு' என்ற பெயரில் 6 அங்குல இசைச் சிலிண்டர் போட்டது. அதே நீளத்தில் டிக்டஃபோன், எடிஃபோன் என்ற அலுவலகக் கருவிகளுக்கான மெழுகுச் சிலிண்டர்கள் பல பத்தாண்டுகள் ஓடின. 1947ல் பிளாஸ்டிக் பட்டையில் பதிக்கும் டிக்டாபெல்ட் வந்த பிறகுதான் ஓய ஆரம்பித்தன. நிறம் இங்கே சுத்தமாக உதவாது. தடத்தை எண்ணுங்கள். கொலம்பியாவின் இசை அங்குலத்துக்கு 100. எடிஃபோன் 150, டிக்டஃபோன் 160. மில்லிமீட்டருக்கு நாலா ஆறா என்று பார்த்தால் போதும். 6ஆம் தேதி எழுதியதில் 'நீளத்தை அளங்கள்' என்றது இதற்காகத்தான்.

6 அங்குல நீளம், ஆனால் ஒன்றேகால் அங்குலத்தை ஒட்டிய ஒல்லி விட்டம், அட்டைக் குழாய் மேல் மெழுகுப் பூச்சு என்றால் கதை வேறு. எடிசனின் கருவிக்குப் போட்டியாக வந்த பெல், டெய்ன்டர் கூட்டணியின் கிராஃபோஃபோன் சிலிண்டர், 1880களின் வாரிசு. அதைக் கையில் எடுக்காமலே எனக்கு எழுதுங்கள்.

கூடவே மற்ற அளவுகள்: 5 அங்குல விட்டம் என்றால் கான்சர்ட் வகை, கொலம்பியா 1898லும் எடிசன் 1899லும் இறக்கியது. சுற்று வேகம் அதேதான், பரப்பு ஊசிக்குக் கீழே இரண்டு மடங்குக்கு மேல் வேகமாக ஓடும், அதனால் சத்தம் அதிகம். மூன்றரை அங்குலம் என்றால் பாத்தேயின் நடுத்தர அளவு.

அலுவலகச் சிலிண்டர் என்று தெரிந்ததும் தூக்கிப் போட வேண்டாம். சீவிச் சீவி மறுபடி பயன்படுத்தியதால் அவற்றில் கடைசியாகச் சொன்னது மட்டும்தான் இருக்கும். இருந்தாலும் மனிதர் குரல். என்னிடம் ஒன்றில் ஒருவர் காலதாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டு ஒரு வாக்கியம் சொல்கிறார், நிறுத்துகிறார், அதையே இன்னும் கொஞ்சம் விறைப்பாகச் சொல்கிறார், நிறுத்துகிறார், பிறகு மன்னிப்பையே எடுத்துவிடச் சொல்கிறார். எனக்கு அது பல பேண்டு ரெக்கார்டுகளைவிடப் பிடிக்கும்.

பிப்ரவரி 21

இதையொட்டி: எடிசன் கருவிகளோடு பதிவு செய்யும் தலையும் வெற்று மெழுகும் கிடைத்ததால் வீட்டிலேயே பதித்த பழுப்புச் சிலிண்டர்களும் உண்டு. முறையான அறிவிப்பு இல்லாமல், யாரோ தொண்டையைச் செருமிவிட்டு ஆரம்பித்தால் அது வீட்டுப் பதிவாக இருக்க வாய்ப்பு அதிகம். விற்பவர்கள் இவற்றை 'அடையாளம் தெரியாதது' என்று ஒதுக்குவார்கள். நான் தேடிப் போவது அந்த ஒதுக்கலைத்தான்.

இதே வகை மெழுகில்தான் ஜெஸ்ஸி வால்டர் ஃபியூக்ஸ் 1890ல் பாஸமக்வாடி பழங்குடி மக்களின் பாட்டையும் கதையையும் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பதித்தார். கள ஆய்வில் ஒலிப்பதிவுக் கருவியை முதலில் கொண்டுபோனவர் அவர். வியன்னாவில் 1899லும் பெர்லினில் 1900லும் ஒலிக் காப்பகங்கள் தொடங்கியதும் மெழுகை நம்பித்தான்.

பிப்ரவரி 25

வெள்ளைப் புள்ளிகள் பற்றிப் படம் போட்டிருந்தீர்கள். பெரிதாக்கிப் பார்த்தேன். முதல் படத்தில் சிலிண்டர் முழுக்கச் சீராக மூட்டம் போட்டிருக்கிறதே, அது மெழுகிலிருந்து வெளிவந்த பூப்பு. இரண்டாவது படத்தில் வட்ட வட்டமாக, ஓரம் பின்னல் வேலை மாதிரி இருப்பது பூஞ்சை. பூஞ்சை மெழுகைத் தின்றுவிடும். துடைத்தால் பூஞ்சை போகும், தின்ற இடம் திரும்பாது. ஓட்டும்போது சுற்றுக்குச் சுற்று காற்றடிப்பது போல் கேட்கும்.

சாராயம், ஸ்பிரிட், கண்ணாடி துடைக்கும் திரவம் எதுவும் வேண்டாம். பெட்டிக்குள் ஈரத்தை வைத்திருக்கும் பழைய பஞ்சு உறையிலிருந்து வெளியே எடுத்து, உலர்ந்த இடத்தில் நிறுத்தி, மெல்லிய தூரிகை. இப்போதைக்கு அவ்வளவுதான்.

நீல சிலிண்டர்களைத் தண்ணீரில் கழுவலாமா என்று கேட்ட இன்னொருவருக்கு: மேல்தோல் செலுலாய்டு, தண்ணீருக்கு அஞ்சாது. உள்ளே பிளாஸ்டர், ஈரம் பட்டால் வீங்கும். வீங்கியது, சிலிண்டரை மாட்டும் தண்டில் பாதி வரை ஏறி நின்றுவிடும். அங்கேதான் எல்லோரும் 'கொஞ்சம் அழுத்தினால் போகும்' என்று அழுத்துவார்கள். நகராது, அல்லது பிளக்கும். உள்பக்கத்தைப் பொறுமையாக உப்புத்தாளால் தேய்த்து எடுப்பவர்கள் உண்டு. செய்வதானால் முகமூடி போடுங்கள், தூள் மேல்பரப்பில் விழாமல் சுற்றிவிடுங்கள்.

பிப்ரவரி 27

"நீலம் எல்லாம் ஒரே தரம்தானே?" இல்லை. 1912 முதல் 1914 வரை வந்தவை பெரும்பாலும் சிலிண்டருக்கென்றே பதித்தவை. 1914 முடிவை ஒட்டி எடிசன் வழியை மாற்றினார். தன் டைமண்ட் டிஸ்க் தட்டை ஓட்டி, அதன் ஒலியை இன்னொரு ஹார்ன் வழியாகச் சிலிண்டரில் பிடித்தார். கேட்டாலே தெரியும். பாட்டு தொடங்குமுன் தட்டின் இரைச்சல் தனியாக எழும், அப்புறம் குரல் குடத்துக்குள்ளிருந்து வரும். 1929 அக்டோபரில் எடிசன் ரெக்கார்டுத் தொழிலை மூடும் வரை பெரும்பாலும் இப்படித் தட்டிலிருந்து பிடித்தவைதான் வந்தன. கடைசி வருஷங்களின் நீலம் குறைவாகத்தான் விற்றது, அதனால் கிடைப்பதும் அரிது. அரிது என்பதற்காகக் காதுக்கு இனிமையாகிவிடாது.

3ஆம் தேதி எழுதியதில் 'பாதி சரி' என்று சொன்னது கொஞ்சம் கறாராக இருந்ததோ என்று இப்போது தோன்றுகிறது. நிறத்தை முழுக்கத் தள்ள வேண்டாம். நீலத்தோல், உள்ளே வெள்ளைப் பிளாஸ்டர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு புளூ அம்பரோல் என்று எழுதலாம். கறுப்பும் பழுப்பும்தான் வம்பு.

மார்ச் 2

கருவி வாங்காமல் கணினிக்கு மாற்ற வழி உண்டா என்று கேள்வி. உண்டு, ஆனால் கையிலெடுக்குமுன் பாருங்கள், வேறு யாராவது மாற்றியிருக்கிறார்களா என்று. சாண்டா பார்பராவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகம் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட சிலிண்டர்களை இணையத்தில் கேட்க வைத்திருக்கிறது. எண்ணைத் தட்டினால் உங்களுடையதும் இருக்கலாம். உங்கள் பிரதியை ஓட்டாமலே பாட்டைக் கேட்டுவிடலாம். பிரான்சில் ஹென்றி ஷமூ செய்த ஆர்க்கியோஃபோன் போன்ற கருவிகளில் லேசான மின் ஊசி இருக்கும், எந்த அளவுச் சிலிண்டரையும் ஏற்றலாம். உடைந்தவற்றை ஊசியே படாமல் ஒளியால் படிக்கும் முறையை லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் கார்ல் ஹேபர் குழு உருவாக்கியது.

சொந்தமாகச் செய்பவர்கள் ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜை அப்படியே பயன்படுத்திவிட்டு 'ஒன்றும் கேட்கவில்லை' என்கிறார்கள். அப்படியே மோனோவாகச் சேர்த்தால் மேல்கீழ் அசைவில் இரு பக்கமும் ஒன்றையொன்று அழிக்கும். ஒரு பக்கத்தின் கம்பிகளை மாற்றிக் கட்டி, பிறகு மோனோவாகச் சேர்க்க வேண்டும்.

மார்ச் 3

இன்னொன்று, பதிவு செய்பவர்களுக்கு. ஆரம்ப இரைச்சலை வெட்டும்போது அறிவிப்பையும் சேர்த்து வெட்டிவிடுகிறார்கள். இணையத்தில் கேட்ட பல பழுப்புப் பதிவுகளில் பாட்டு பளிச்சென்று தொடங்குகிறது, யார் பாடியது, எந்தக் கம்பெனி என்ற ஒரே தடயம் குப்பைக்குப் போயிருக்கிறது. ஊசி இறங்கிய நொடியிலிருந்து எழும்பும் வரை சுத்தம் செய்யாத ஒரு கோப்பை அப்படியே வையுங்கள். கோப்பின் பெயரிலேயே சுற்று வேகம், ஊசி அளவு, தடம் 100ஆ 200ஆ என்பதைச் சேருங்கள். பெட்டி மூடியில் இருப்பதை வேண்டுமானால் கடைசியில், கேள்விக்குறியோடு.